ஓக் விறகுப் புகையும் ஒரு டம்ளர் காபியும்: ஆஸ்டினில் மூன்று மாதம்

அமெரிக்காவில் பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டு வருகிறவர்களிடம் “என்ன பார்த்தீங்க?” என்று கேட்டால் நயாகரா, சுதந்திர தேவி சிலை, லாஸ் வேகாஸ் விளக்குகள் என்று வரிசையாகச் சொல்வார்கள். டெக்சஸ் மாநிலத்தின் தலைநகரான ஆஸ்டினில் அப்படிப் பெருமையடித்துக்கொள்ள அருவியோ பிரமாண்டமான சிலையோ கிடையாது. ஒரு பாலம் உண்டு. அதன் அடியில் கோடை காலத்தில் ஏறக்குறைய 15 லட்சம் வௌவால்கள் குடியிருக்கின்றன. பொழுது சாயும் நேரத்தில் அவை கூட்டமாகக் கிளம்புவதைப் பார்க்க ஊரே திரண்டு நிற்கும். அதைப் பார்த்து முடித்ததும் மகளிடம், “அடுத்து என்னடி?” என்று கேட்டேன். “சாப்பாடுதாம்மா” என்றாள்.

அவள் சொன்னது சரிதான். ஆஸ்டினைத் தெரிந்துகொள்ள அங்குள்ளவர்கள் காலையில் காபி குடிக்கும் இடங்களுக்கும், மதியம் கறிக்காக வரிசையில் நிற்கும் இடங்களுக்கும் போக வேண்டும். நான் திண்டுக்கல்காரி. சீரகச் சம்பா, வெள்ளாட்டுக் கறி என்றால் கொஞ்சம் வாய்க்கொழுப்பாகவே பேசுவேன். அந்தத் திமிரோடுதான் போனேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பார்பிக்யூ என்றதும் நம்மில் பலருக்கு, மேசை நடுவில் கரியடுப்பு வைத்து, கம்பியில் குத்திய சிக்கனையும் அன்னாசித் துண்டையும் சுட்டுத் தருகிற பஃபே ஹோட்டல்தான் ஞாபகம் வரும். டெக்சஸ் பார்பிக்யூவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இங்கே நெருப்பு ஒரு மூலையில் எரியும், கறி இன்னொரு மூலையில் இருக்கும். நடுவே வேலை செய்வது புகையும் அனலும்தான். விறகு, ‘போஸ்ட் ஓக்’ எனப்படும் அந்த ஊர் ஓக் மரம். மசாலா என்று பார்த்தால் உப்பும், கரகரப்பாக உடைத்த மிளகும்தான். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியைத் திறந்து காட்டினால் அந்தச் சமையல்காரர்கள் மயங்கி விழுந்துவிடுவார்கள்.

ராஜ மரியாதை ‘பிரிஸ்கெட்’டுக்கு. மாட்டின் நெஞ்சுப் பகுதி இறைச்சி அது. ஒரு துண்டு 5, 6 கிலோ வரும். நாள் முழுக்க உடம்பைத் தாங்கி உழைக்கும் தசை என்பதால் நாரும் சவ்வுமாக ரப்பர்போல இருக்கும். அதைச் சுமார் 120, 130 டிகிரி செல்ஷியஸ் அனலில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வைக்கிறார்கள். நடுவில் ஒரு வேடிக்கை நடக்கும். கறியின் உள்சூடு 70 டிகிரியை ஒட்டி வந்ததும், அதற்கு மேல் ஏறாமல் மணிக்கணக்கில் அப்படியே நின்றுவிடும். கறி வியர்க்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கணக்குதான். பொறுமை இல்லாதவர்கள் இந்த இடத்தில் விறகை அள்ளிப் போட்டுக் காரியத்தைக் கெடுத்துவிடுவார்களாம். பொறுத்திருந்தால் சூடு மெல்ல 95 வரை ஏறி, சவ்வெல்லாம் கரைந்து பாகாகிவிடும். வெளியே கரிக்கட்டைபோலக் கறுத்திருக்கும். உள்ளே கத்தி வைத்தாலே விலகிக்கொடுக்கும் என்கிறார்கள்.

‘என்கிறார்கள்’ என்று எழுதக் காரணம், நான் சாப்பிடவில்லை. நம் ஊரிலும் மாட்டிறைச்சி சாப்பிடுகிற குடும்பங்கள் எத்தனையோ உண்டு. எங்கள் வீட்டில் பழக்கமில்லை, அவ்வளவுதான். பார்பிக்யூ ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. கீரனூர்க்காரன் பழனிக்குப் போய்ப் பஞ்சாமிர்தம் வேண்டாம் என்கிற மாதிரி!

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் காத்திருந்தது. எங்கள் மாப்பிள்ளை டெக்சஸ்காரர். ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழிவந்த குடும்பம். 2021-ல் கல்யாணம். கொரோனா கெடுபிடியில் எங்களுக்கு விசா கிடைக்காமல், மகள் கல்யாணத்தை அதிகாலையில் கைபேசியில் பார்த்துக் கண் துடைத்துக்கொண்டவர்கள் நாங்கள். சம்பந்தியை நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அவர், “உங்களை லாக்ஹார்ட்டுக்கு அழைத்துப் போய்ச் சாப்பாடு போடுவது என் பொறுப்பு” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

“முன்கூட்டியே சொல்லிடும்மா, நாங்க சாப்பிட மாட்டோம்னு” என்றேன் மகளிடம்.

“எப்படிம்மா சொல்றது? அவருக்கு அது வெறும் சாப்பாடு இல்ல. அவர் தாத்தா கையைப் புடிச்சிக்கிட்டுப் போன கடைம்மா அது.”

எங்கள் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, “போய் உட்கார்ந்து ரொட்டியும் வெங்காயமும் சாப்பிட்டு வருவோம். மனுஷங்களைப் பார்க்கத்தானே போறோம்” என்றார். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. முதல் சந்திப்பிலேயே அவர் ஆசையாக வாங்கிக் கொடுப்பதை ஒதுக்கி வைத்தால், மகளுக்கு அந்த வீட்டில் என்ன பெயர் வரும் என்ற யோசனைதான்.

ஒரு கடை இரண்டான கதை

லாக்ஹார்ட், ஆஸ்டினுக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டர். நம் சின்னாளபட்டி அளவுக்கு ஒரு சின்ன ஊர். டெக்சஸ் சட்டமன்றமே தீர்மானம் போட்டு ‘டெக்சஸின் பார்பிக்யூ தலைநகர்’ என்று பட்டம் கொடுத்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் குடியேறிய ஜெர்மானியர்களும் செக் நாட்டுக்காரர்களும் கறிக்கடை வைத்தார்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலம். விற்காமல் மீந்த கறி கெட்டுப்போகாமல் இருக்கப் புகை போட்டார்கள். பருத்தி எடுக்க வந்த கூலிக்காரர்கள் அதைக் கசாப்புத் தாளில் சுற்றி வாங்கி, பிஸ்கட்டோடு கடை வாசலிலேயே உட்கார்ந்து தின்றார்கள். இன்றைக்கும் பல கடைகளில் தட்டு கிடையாது, அதே தாள்தான். நாம் வாழை இலையை விடாத மாதிரி.

அங்கே ‘க்ரூட்ஸ் மார்க்கெட்’ என்று 1900-ல் ஆரம்பித்த கடை. அதை 1948-ல் வாங்கிய ஷ்மிட் என்பவர், சொத்தைப் பிரித்த விதத்தைக் கேளுங்கள். கடையின் வியாபாரத்தை உயிரோடு இருந்தபோதே மகன்களுக்கு விற்றுவிட்டார். சாகும்போது, கடை இருக்கும் கட்டடம் மகளுக்கு! பிறகென்ன, வாடகையில் தகராறு. 1999-ல் மகன் ரிக், வியாபாரத்தையும் பெயரையும் எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் பெரிய கட்டடம் கட்டிப் போய்விட்டார். போகும்போது பழைய அடுப்பிலிருந்து எரியும் தணலை ஒரு தகரத் தொட்டியில் அள்ளி, தெரு வழியே இழுத்துக்கொண்டு போய்ப் புது அடுப்பில் கொட்டினார்களாம். மகள் நீனா, அப்பாவின் செல்லப் பெயரான ‘ஸ்மிட்டி’யையே வைத்து, பழைய கட்டடத்தில் ‘ஸ்மிட்டிஸ் மார்க்கெட்’ திறந்தார். இரண்டு கடையுமே நின்றன. ஊருக்கு ஒரு கடை கூடுதலாகக் கிடைத்தது.

இதை சம்பந்தி சொல்லக் கேட்டபோது எங்கள் வீட்டுக்காரர், “எங்க ஊர்ல இருந்தா பாகப்பிரிவினை கேஸு இன்னும் ஹைகோர்ட்ல நடந்திட்டிருக்கும்” என்றார். மகள் மொழிபெயர்த்ததும் சம்பந்தி மேசையைத் தட்டிச் சிரித்தார். அதோடு இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது.

ஸ்மிட்டிஸ் கடையின் உள்ளே நுழைந்தால் கண்ணை உடனே பழக்கிக்கொள்ள முடியவில்லை. நூறு வருடப் புகை சுவரில் கறுப்புப் பூச்சாகப் படிந்திருக்கிறது. அடுப்பின் வாயில் விறகு தரையிலேயே எரிகிறது. நாம் அதை ஒட்டித்தான் நடந்து போக வேண்டும். வெளியே 38 டிகிரி வெயில், உள்ளே இந்த அனல். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அந்த நாளில் சாப்பிடும் மேசைகளில் பொதுக் கத்திகளைச் சங்கிலியில் கட்டிவைத்திருப்பார்களாம். நம் தபால் ஆபீஸ் பேனா ஞாபகம் வந்தது.

சாப்பிட உட்கார்ந்தது ‘பிளாக்ஸ்’ கடையில். 1932-லிருந்து ஒரே குடும்பம் நடத்துகிறது. ‘வாரத்தில் 8 நாளும் திறந்திருக்கும்’ என்று வேடிக்கையாக விளம்பரம் செய்பவர்கள். வரிசை நகர்ந்து கறி வெட்டுபவர் முன்னால் போய் நின்றோம். என் வயிற்றில் புளி கரைத்தது. சம்பந்தி அந்த ஆளிடம் குனிந்து ஏதோ சொன்னார். அவர் தலையாட்டிவிட்டு, வெட்டிக்கொண்டிருந்த பலகையை ஒதுக்கி, வேறு பலகை எடுத்து, கையுறையை மாற்றி, வேறு கத்தியால் வான்கோழியை வெட்டித் தனித் தாளில் வைத்தார். மாப்பிள்ளை தன் அப்பாவிடம் முன்பே பேசியிருக்கிறார். மகளுக்குக்கூடத் தெரியாது.

அந்த வான்கோழி நெஞ்சுக்கறி நன்றாக இருந்தது. முகத்துக்காகச் சொல்லவில்லை. மிளகுக் காரம் நாக்கில் நின்றது. உள்ளே வெண்ணெயாக ஈரம். ஆனால் மேசையில் எல்லோருக்கும் வான்கோழிதான். சம்பந்தி தனக்கும் பிரிஸ்கெட் வாங்கவில்லை. எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. மகளிடம், “அவரை அவருக்குப் பிடிச்சதை வாங்கிக்கச் சொல்லு. நம்ம வீட்டுக்கு வந்த விருந்தாளி முன்னால பட்டினி கிடக்கிற மாதிரி இருக்குன்னு சொல்லு” என்றேன். அவர் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். எழுந்து போய் அரை பவுண்டு பிரிஸ்கெட்டோடு வந்தார். மேசையின் அந்த மூலையில் உட்கார்ந்து, பேரப்பிள்ளை திருட்டுத்தனமாகச் சாக்லேட் சாப்பிடுவதுபோல அவர் சாப்பிட்ட அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

கிழக்கு 11-ஆம் தெரு

ஆஸ்டினுக்குள் வந்தால் எல்லோரும் சொல்லும் பெயர் ‘ஃபிராங்க்ளின்’. 2009-ல் ஒரு டிரெய்லர் வண்டியில் ஆரம்பித்து, 2011-ல் கிழக்கு 11-ஆம் தெருவில் கட்டடத்துக்கு வந்த கடை. 2015-ல் அதன் உரிமையாளர் ஆரன் ஃபிராங்க்ளினுக்கு, அமெரிக்கச் சமையல் உலகின் பெரிய மரியாதையான ஜேம்ஸ் பியர்டு விருது கிடைத்தது. 11 மணிக்குத் திறக்கும் கடைக்குக் காலை 7, 8 மணிக்கே மடக்கு நாற்காலியோடு வந்துவிடுகிறார்கள். தீர்ந்தால் தீர்ந்ததுதான். 2014-ல் அதிபர் ஒபாமா வந்தபோது வரிசையைத் தாண்டிப் போனார். அதற்குப் பரிகாரமாகப் பின்னால் நின்ற குடும்பத்தின் பில்லையும் அவரே கொடுத்தார். நாங்கள் மூன்று மணி நேரம் நின்றோம். அந்த வரிசைதான் பாதி ருசி. முன்னால் நின்ற ஒரு பாட்டி என் புடவையைத் தொட்டுப் பார்த்துச் சுங்குடி முடிச்சு போடுவது எப்படி என்று கேட்டார். கையாலேயே செய்து காட்டினேன்.

அந்தத் தெருவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1928-ல் ஆஸ்டின் நகராட்சி ஒரு திட்டம் போட்டது. கறுப்பின மக்களுக்கான பள்ளி, பூங்கா போன்ற வசதிகள் கிழக்குப் பக்கம் மட்டுமே இருக்கும் என்று வைத்து, நகரெங்கும் இருந்தவர்களை அங்கே ஒதுங்க வைத்தது. பிறகு 1960-களில் நடுவே நெடுஞ்சாலை வந்து சுவர்போல நின்றது. டெக்சஸில் 1865 ஜூன் 19 அன்றுதான் அடிமைகளுக்கு விடுதலை அறிவிக்கப்பட்டது. அந்த நாளைக் கறுப்பின மக்கள் வருடா வருடம் பார்பிக்யூ அடுப்பு மூட்டித்தான் கொண்டாடி வருகிறார்கள். கிழக்குப் பக்கத்தில் புகை எழுந்தது ஃபிராங்க்ளினுக்கு வெகு காலம் முன்பே. இப்போது அங்கே நிலத்தின் விலை தாறுமாறாக ஏறி, பழைய குடும்பங்கள் பல விற்றுவிட்டு வெளியே போய்விட்டன. வரிசையில் நின்றபோது எதிர்ப்பக்கத்துக் கண்ணாடி அடுக்குமாடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பகுதியில் இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய வீட்டின் முன்னால், முற்றத்து டிரம் அடுப்பில் கறி புகைய வைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களுக்குக் கையசைத்தார். அங்கே வரிசை இல்லை.

இனி காபி

என் பெட்டியில் எவர்சில்வர் ஃபில்டரும் இரண்டு கிலோ காபித்தூளும் போயிருந்தன. ஆனாலும் வெளியே குடித்துப் பார்க்காமல் விடுவேனா? அங்கே ‘காபி’ என்று மட்டும் சொன்னால், அரை லிட்டர் கோப்பையில் பால் இல்லாத கஷாயம் வரும். ‘லாட்டே’ என்றால் பாலில் காபி வாசனை. நம் டம்ளர் காபிக்குப் பக்கத்தில் வருவது ‘கோர்ட்டாடோ’. சின்னக் கண்ணாடி டம்ளரில் டிகாக்‌ஷனும் சூடான பாலும் ஏறக்குறைய சரிபாதி. சர்க்கரையை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். அமெரிக்கா போகும் நம் ஊர் அம்மாக்கள் இந்த ஒரு சொல்லை மனப்பாடம் செய்துகொண்டால் போதும்.

சவுத் காங்கிரஸ் சாலையில் ‘ஜோஸ் காபி’. அதன் பச்சைச் சுவரில் சிவப்புப் பெயின்ட்டில் காதல் வாசகம் ஒன்று கிறுக்கியிருக்கும். 2010-ல் ஒரு பாடகி தன் துணைக்காக எழுதியது. இன்று அதன் முன்னால் படம் எடுக்கவே ஒரு வரிசை. காபி சுமார்தான். வேடிக்கை பார்க்க நல்ல இடம். ஏரிக்கரையில் ‘மோட்சார்ட்ஸ்’. தண்ணீருக்கு மேல் பலகைத் தளம் போட்டு நாற்காலிகள். எங்கள் வீட்டுக்காரர் அங்கே ஒரே கோப்பையை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஒருவரும் “வேற என்ன சார்?” என்று கேட்கவில்லை. காபிக்கடைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த நாகரிகம்தான்.

ஆனால் என்னை அசத்தியது ‘சம்மர் மூன்’. இந்த ஆஸ்டின் கடையில் காபிக்கொட்டையை ஓக் விறகுத் தீயில் வறுக்கிறார்கள். கறிக்கு எந்த மர ஜாதியோ, காபிக்கும் அதே ஜாதி! லேசான புகை வாசம், மண் அடுப்பில் காய்ச்சிய பால்போல. அவர்கள் சேர்க்கும் இனிப்புப் பால் எனக்குத் திகட்டியது. அதைக் குறைத்துக் கேட்டு வாங்கினால் அருமை. இப்போது பல ஊர்களில் கிளை திறந்துவிட்டார்கள்.

‘ஆஸ்டினைக் கிறுக்காகவே வைத்திருங்கள்’ என்ற பொருளில் ஒரு ஸ்டிக்கர் ஊரெங்கும் கார்களில் தெரியும். 2000-ஆம் ஆண்டில் ஒரு கல்லூரி நூலகர் சும்மா சொன்ன வார்த்தை அது. பெரிய கம்பெனிக் கடைகள் வந்து உள்ளூர்க் கடைகளை விழுங்கிவிடக் கூடாது என்று சிறு வியாபாரிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அப்படியும் வாடகை ஏறி மூடிய கடைகள் எத்தனையோ. மகள் கல்லூரியில் படித்தபோது இரவெல்லாம் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்த காபிக்கடை இருந்த இடத்தைக் காட்டினாள். பூட்டியிருந்தது. கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை.

காபியும் கறியும் ஒரே முற்றத்தில் குடித்தனம் செய்வதும் உண்டு. ‘காஸ்மிக் காபி’யின் தோட்டத்தில் ‘லெராய் அண்ட் லூயிஸ்’ என்ற பார்பிக்யூ வண்டி நின்றது. 2024-ல் அவர்கள் சொந்தக் கட்டடத்துக்குப் போனார்கள். அதே ஆண்டு நவம்பரில் மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது. சைவக்காரர்களே, இங்கே காலிஃபிளவரைப் புகையில் வாட்டித் தருகிறார்கள், விசாரியுங்கள். மற்ற கடைகளில் பக்கத்தில் வைக்கும் பீன்ஸை நம்பி வாங்கிவிடாதீர்கள். அதில் பெரும்பாலும் கறித்துண்டு கிடக்கும். உருளைக்கிழங்கு சாலட், கோஸ் சாலட், பெக்கான் பருப்புப் பை ஆகியவை பொதுவாகப் பயமில்லை. இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல் நாக்குக்குக் கடைசியில் தீனி போட்டவர் ஓர் எகிப்துக்காரர். கெய்ரோவிலிருந்து வந்து டெக்சஸ் பார்பிக்யூ கற்றுக்கொண்ட கரீம் என்பவர் நடத்தும் ‘கேஜி பார்பிக்யூ’. அதே ஓக் புகையில் ஆட்டுக்கறி, கூடவே சீரகம், கொத்தமல்லி வாசம், மஞ்சள் சோறு! மூன்று மாதத்தில் முதல் தடவையாக நான் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன். சோறு மட்டும் இன்னும் கொஞ்சம் சின்ன அரிசியாக இருக்கலாம்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பெயர்பெற்ற கடைகள் பல திங்கட்கிழமை திறப்பதில்லை. மதியம் இரண்டு மணிக்குப் பிறகு போனால் எலும்புகூட மிஞ்சாது. பிரிஸ்கெட் பவுண்டு கணக்கு, அதாவது சுமார் 450 கிராம். பெரிய கடைகளில் 30 டாலருக்கு மேல். நம் பணத்துக்கு மாற்றிப் பார்க்காதீர்கள், சாப்பிட முடியாது. சாஸைத் தனியாகக் கேளுங்கள். முதலிலேயே ஊற்றினால் கடைக்காரர் மனசு கஷ்டப்படும்.

நாங்கள் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டுக்கு வந்தார். ஆயுள் முழுக்க சர்க்கரை, பால் எதுவும் சேர்க்காத கருங்காபி குடித்தவர். டபராவில் ஆற்றி நுரை பொங்கக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, “இது காபி இல்லை, பாயசம்” என்றார். காலி டம்ளரை நீட்டினார். இரண்டாவதைக் குடித்துக்கொண்டே, அவருடைய தோட்டத்து அடுப்பில் ஆட்டுத் தொடையை எத்தனை மணி நேரம் வைக்க வேண்டும், மிளகோடு வேறு என்ன சேர்ப்பீர்கள் என்று கேட்டார். மகள் தாளும் பேனாவும் எடுத்து வந்தாள். சின்ன வெங்காயத்தில் ஆரம்பித்தேன்.